எம்.பி.பி.எஸ். முடித்தபின் எம்.டி. இரத்தமாற்று மருத்துவம் எடுக்கலாமா? அதில் என்ன கற்றுத் தருவார்கள்?

தாராளமாக எடுக்கலாம். சீட்டை உறுதி செய்யும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அந்தக் கல்லூரியின் இரத்த மையத்திலேயே, நோயாளியின் ரத்தத்தில் பிறர் ரத்தத்தைத் தாக்கும் ஆன்டிபாடி எது என்று அடையாளம் காண்கிறார்களா, வெளியே அனுப்பிவிடுகிறார்களா? வெளியே போகிறதென்றால் மூன்று வருடமும் ரத்ததான முகாம் டியூட்டியிலேயே ஓடிவிடும்.

நீட் பி.ஜி. வழியாகத்தான் சேர்க்கை. தொடக்கத்தில் கொடையாளர் தேர்வும், ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் எனக் கூறு பிரித்தலும். ஹீமோகுளோபின் 12.5, எடை 45 கிலோ இருந்தால் 350 மி.லி.; 450 எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். இதெல்லாம் சீக்கிரம் மனப்பாடமாகிவிடும். கோட்டைவிடுவது வெப்பநிலையில். முகாமிலிருந்து வரும் பையை யாராவது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அதிலிருந்து பிளேட்லெட் எடுக்க முடியாது. பிளேட்லெட்டுக்கு 20–24 டிகிரி, இடைவிடாத ஆட்டம், ஆயுள் 5 நாள்.

உண்மையான படிப்பு, சிவப்பணுக்களில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனையில் இருக்கிறது. நோயாளியின் சீரத்தோடு 37 டிகிரியில் வைத்தெடுத்த செல்களை சலைனில் மூன்று நான்கு முறை கழுவி, ஒவ்வொரு முறையும் மேல்நீரை முழுக்க வடிக்க வேண்டும். பிறகுதான் கூம்ப்ஸ் சீரம் சேர்ப்பது; ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் செல்கள் திரளும். துளி பிளாஸ்மா மிஞ்சினாலும் அதிலுள்ள குளோபுலின் கூம்ப்ஸ் சீரத்தை முடக்கிவிடும். ஆன்டிபாடி இருந்தும் நெகட்டிவ் காட்டும். அதனால்தான் நெகட்டிவ் வந்த ஒவ்வொரு டியூபிலும் ஆன்டிபாடி பூசிய செக் செல் சேர்க்கிறோம். அதுவும் திரளாவிட்டால் ரிசல்ட் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டியூபுக்குப் பதிலாகப் பயன்படும் ஜெல் கார்டில் கழுவும் வேலை இல்லைதான், ஆனாலும் டியூபில் கை பழகாமல் வெளியே வராதீர்கள்.

பம்பாய் குரூப் என்ற அரிய ரத்த வகையும் அப்படித்தான், கவனம் தப்பினால் ஏமாற்றும். 1952-இல் பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டறிந்தது. சிவப்பணுவை வைத்து வகை பார்க்கும் செல் குரூப்பிங்கில் சாதாரண ஓ மாதிரியே தெரியும். சீரத்தை வைத்துப் பார்க்கும் சீரம் குரூப்பிங்கில் ஏ, பி செல்களோடு ஓ செல்லையும் வைத்தால் அதுவும் திரளும், அங்கே மாட்டிக்கொள்ளும். ஓ செல் வைக்கச் சோம்பல்பட்டால் ஏற்றும் முன் பொருத்தம் பார்க்கும் கிராஸ்மேட்சில் எல்லாப் பையும் ஒத்துவராமல் போகும்போதுதான் தெரியும். இவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றவே கூடாது, பம்பாய் ரத்தம் மட்டுமே.

வேலை? மையத்துக்குப் பொறுப்பாக எம்.டி. பேத்தாலஜிக்காரரையோ உரிய அனுபவமுள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவரையோ போடச் சட்டம் இடம் தருவதால், சின்ன ஊர்களில் சம்பளப் பேச்சு கஷ்டம். உறுப்பு மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கும் மருத்துவமனைகளில்தான் மதிப்பு: பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச், ஸ்டெம் செல் சேகரிப்பு எல்லாம் உங்கள் கையில். அங்கே ரத்தத்திலிருந்து வேண்டிய கூறை மட்டும் பிரித்தெடுக்கும் அபெரிசிஸ் இயந்திரத்தை ரெசிடென்ட்கள் தாங்களே ஓட்டுகிறார்களா, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தைகள் தொடர்ந்து வருகிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களிடம்தான் சிக்கலான ஆன்டிபாடிகள் கிடைக்கும்.