மயில் கழுத்து நிறத்தை எந்தத் திரை சரியாகக் காட்டும்?

கேள்வி: தங்கை மகள் திருமணத்துக்கு இணையத்தில் ஒரு மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவையைப் பார்த்து வைத்திருக்கிறேன். என் போனில் அது பச்சை தூக்கலாகத் தெரிகிறது. கணவரின் டேப்லெட்டில் வெளிறிய நீலம். மருமகளின் போனிலோ கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. எதை நம்பிப் பணம் கட்டுவது? நிறத்தை உள்ளபடி காட்டும் டேப்லெட் ஒன்றும் வாங்க வேண்டும். எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு மூன்றையும் நம்ப வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று கருவிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரோ எப்போதோ போட்டுவைத்த மஞ்சள் ஒளி அமைப்பு எதிலாவது ஓடிக்கொண்டிருக்கும். ஐபோன் என்றால் 'நைட் ஷிஃப்ட்', 'ட்ரூ டோன்' இரண்டையும் அணையுங்கள். ஆண்ட்ராய்டில் 'நைட் லைட்' அல்லது 'ஐ கம்ஃபர்ட்' போன்ற பெயரில் இருக்கும். பிறகு திரையின் வெளிச்சத்தை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வையுங்கள். வெளிச்சம் கூடினாலே நிறம் அழுத்தமாகத் தெரியும். கடைகளில் எல்லாத் திரைகளும் முழு வெளிச்சத்தில் எரிவது இதனால்தான்.

அடுத்தது, மருமகளின் போன். சாம்சங் போன்ற அமோலெட் திரைப் போன்களில் 'ஸ்கிரீன் மோட்' என்ற பகுதிக்குள் 'விவிட்', 'நேச்சுரல்' என்று இரண்டு இருக்கும். பெட்டியைப் பிரிக்கும்போதே 'விவிட்' போட்டுத்தான் வருகிறது. அதை 'நேச்சுரல்' என மாற்றிவிட்டுப் புடவையைப் பாருங்கள். முதலில் சப்பென்று இருக்கும். ஒரு நாள் பொறுத்துப் பார்த்தால் கண் பழகிவிடும்.

இணையத்தில் உள்ள படங்களில் பெரும்பாலானவை எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரையறைக்குள் அடங்குபவை. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து, அன்றைய குழாய்த் திரை மானிட்டர்களை மனத்தில் வைத்து வகுத்த அளவு அது. இன்றைய நல்ல திரைகள் அதைவிட அகன்ற நிறப் பரப்பைக் காட்டக்கூடியவை. திரைப்படத் துறைக்காக உருவான டிசிஐ-பி3 (சுருக்கமாக பி3) என்ற பரப்பு, எஸ்ஆர்ஜிபியைவிட ஏறத்தாழ 25 சதவீதம் பெரியது. 'விவிட்' முறையில் போன் என்ன செய்கிறது தெரியுமா? சிறிய அளவில் அடங்கிய படத்தை இழுத்துப் பெரிய பரப்பில் விரித்துவிடுகிறது. அரக்கு நிறம் குங்குமமாகிறது, வெந்தய மஞ்சள் எலுமிச்சையாகிறது. அந்தப் பளபளப்பை நம்பி வாங்கிய புடவை, பெட்டியிலிருந்து எடுத்ததும் நிறம் செத்ததுபோல் தெரியும். நெசவு செய்தவர் மேல் ஒரு பிழையும் இருக்காது.

இனி உங்கள் புடவைக்கு வருவோம். மயில் கழுத்து என்பது ஒற்றை நிறம் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், மடிப்பில் பச்சையாகவும் விரிப்பில் நீலமாகவும் மாறிமாறி அடிக்கிறது. ஒரு புகைப்படம் அதில் ஒரு கணத்தை மட்டும்தான் பிடிக்கும். போதாததற்கு, நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஆழமான நிறங்களில்தான் எஸ்ஆர்ஜிபி மிகவும் பலவீனமானது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரையானாலும், அந்தப் படத்தில் இல்லாத நிறத்தை அதனால் கொண்டுவர முடியாது.

பட்டு எடுக்கப் போனால் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர்கள் விலை பேசுவார்கள். அதையே இணையத்திலும் செய்யலாம். பகல் வெளிச்சத்தில், விளக்கு எதுவும் போடாமல், புடவையை மெல்ல அசைத்து ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பும்படி விற்பவரைக் கேளுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு வெற்றிலையையும் வைக்கச் சொல்லுங்கள். தாள் உங்கள் திரையில் வெள்ளையாகவும் வெற்றிலை வெற்றிலையாகவும் தெரிந்தால், நடுவில் இருக்கும் புடவையையும் பெரும்பாலும் நம்பலாம். தாள் நீலம் பூத்துத் தெரிந்தால் புடவையின் நீலத்திலும் அந்தப் பங்கு கலந்திருக்கிறது என்று கழித்துக்கொள்ளுங்கள்.

டேப்லெட் வாங்கப் போகும்போது கடையில் ஓடும் விளம்பரப் படத்தைப் பார்க்காதீர்கள். எந்தத் திரையிலும் அழகாகத் தெரியும்படி தேர்ந்தெடுத்த படம் அது. நான் என் போனில் நான்கு படங்களை எடுத்துக்கொண்டுதான் போவேன். வீட்டில் ஒருவரின் முகம், நிழலில் காயும் வெள்ளை வேட்டி, கதிர் விடாத பச்சை வயல், இருட்டில் எரியும் ஓர் அகல் விளக்கு. முகம் பொய் சொல்லாது. நாம் தினமும் பார்க்கும் தோலின் நிறம் சற்றே சிவந்தாலும் பச்சை தட்டினாலும் உடனே தெரிந்துவிடும். திரையின் வெள்ளை நீலத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதை வேட்டி காட்டிக்கொடுக்கும். வயலில் இளம்பச்சையும் கரும்பச்சையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். விளக்கைச் சுற்றியுள்ள இருட்டு, பின்னாலிருந்து விளக்கு எரியும் எல்சிடி திரையில் சாம்பல் படர்ந்து இருக்கும். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் முழுக்க கறுப்பாக இருக்கும்.

ஆப்பிளின் அடிப்படை ஐபாட் எஸ்ஆர்ஜிபி அளவில் நிற்பது. ஏர், புரோ வகைகள் பி3 வரை போகும். அடிப்படை ஐபாடில் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருப்பதால் படம் சற்று உள்ளே தள்ளி இருப்பதுபோலத் தோன்றும். புடவை பார்க்கவும் குடும்பப் படங்கள் பார்க்கவும் அதுவே தாராளம் என்பது என் கருத்து.

கேள்வி: பேத்திக்குப் படக்கதை, எனக்கு நாவல் என்று இருவருக்கும் பொதுவாக ஒரு வண்ண இ-ரீடர் (மின்நூல் படிக்கும் கருவி) வாங்க நினைத்தேன். 4096 நிறம் என்கிறார் கடைக்காரர். என் சாதாரண போனிலேயே 1 கோடியே 67 லட்சம் நிறம் என்று போட்டிருக்கிறது. விலையோ கறுப்பு வெள்ளைக் கருவியைவிட அதிகம். இது ஏமாற்று வேலையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஏமாற்று இல்லை ஐயா. இரண்டும் வேறு வேறு பொருள்கள்; ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, விரல் நுனியால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியாகி, வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளைக் காட்டும். அவை ஒவ்வொன்றும் 256 படிகளில் எரியக்கூடியவை. மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் அந்த 1 கோடியே 67 லட்சம்.

இ-ரீடர் அப்படி ஒளி விடுவதில்லை. நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமான நிறமித் துகள்கள் மின்விசையால் மேலும் கீழும் நகர்கின்றன. வெளியிலிருந்து விழும் ஒளியைத் தாள்போலத் திருப்பி அனுப்புகின்றன. இன்று கடைகளில் கிடைக்கும் கோபோ லிப்ரா கலர், கிண்டில் கலர்சாஃப்ட் போன்ற வண்ணக் கருவிகள், இந்தக் கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் மெல்லிய நிற வடிகட்டியை வைத்துச் செய்தவை. ஒவ்வொரு புள்ளிக்கும் 16 படிகள். மூன்று நிறத்துக்கும் பெருக்கினால் 4096. எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் கூர்மையாக வரும், வண்ணப் படம் 150-இல்தான் வரும். வடிகட்டி ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் பக்கத்தின் வெள்ளையும் சற்று மங்கும். மொத்தத்தில், செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பில் அச்சான வண்ணப் படம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

சிறு குழந்தைக்கு அது போதாது என்றுதான் நினைக்கிறேன். யானையும் மாம்பழமும் பக்கம் நிறைய விரிய வேண்டிய வயதில் 6, 7 அங்குல மங்கிய படம் எதற்கு? அந்தக் காசில் பேத்திக்கு அச்சிட்ட படக்கதைப் புத்தகங்களாகவே வாங்கிக் கொடுங்கள். மடியில் உட்காரவைத்துப் பக்கம் திருப்பலாம். உங்களுக்கு நாவல் படிக்க கறுப்பு வெள்ளைக் கருவிதான் சிறந்தது. பின்னணி வெளுப்பாக இருக்கும், விலையும் குறைவு. நிலப்படமும் வரைபடமும் நிறைந்த பாடநூல்களைப் படிப்பவர்களுக்கும், பல வண்ணங்களில் அடிக்கோடிட்டுப் படிப்பவர்களுக்கும் வண்ணக் கருவி பயன்படும். வாங்குவது எதுவானாலும், கடை வாசலில் வெயிலில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். டேப்லெட் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். இ-ரீடரில் எழுத்து மேலும் தெளியும்.

கேள்வி: ஓவியம் வரைய மலிவு விலை டேப்லெட் பார்க்கிறேன். '45% என்டிஎஸ்சி' என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: வேண்டாம். என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வகுத்த நிறப் பரப்பு. அதில் 72 சதவீதம் இருந்தால்தான் ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபி அளவு வரும். 45 என்றால் சிவப்பு செங்கல் நிறத்தில் நின்றுவிடும். நீங்கள் அதைச் சரிக்கட்ட மேலும் மேலும் சிவப்பைக் கூட்டுவீர்கள், அடுத்தவர் திரையில் அது கத்தும். '100% பி3' என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அந்த எண் சொல்லும்; சரியான நிறத்தில் நிற்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு 'டெல்டா ஈ' என்ற அளவைத் தேடுங்கள். திரை காட்டும் நிறம் சரியான நிறத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது சொல்லும். 2-க்குள் இருந்தால் வேறுபாடு கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய டேப்லெட்டின் திரை ஒரு ஓரத்தில் மஞ்சளாக இருக்கிறது. 'திரையின் நிறம் சற்று மாறலாம் என்று எழுதியிருக்கிறோம்' என்று சொல்லித் திரும்பப் பெற மறுக்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

பதில்: படத்தில் உள்ள நிறம் பார்ப்பவரின் திரையைப் பொறுத்து மாறலாம் என்பது புடவைக்குப் பொருந்தும் வாசகம். ஒரே திரைக்குள் ஓர் ஓரம் மட்டும் மஞ்சளாக இருப்பது குறைபாடு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இருட்டறையில் திரை முழுக்க வெள்ளைப் படத்தை வைத்து, இன்னொரு போனால் படம் எடுங்கள். திரையிலிருந்தே பதிவெடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் இந்தக் குறை விழாது. விற்பனைப் பக்கத்தையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் சேமித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.