அணி மாறுவது குற்றமா?

கேள்வி: சென்ற இதழில் கால்பந்தில் மைக்கேல் சூசைராஜ் போன்ற நடுகள வீரர்களைப் பாராட்டியிருந்தீர்கள். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அணி மாறுகிறவர்களிடம் எங்கள் மலைப் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வது? பணத்துக்காக ஊர் ஊராகத் தாவும் பிழைப்புத்தானே இது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பற்றில்லாதவர்கள் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், யார் யாரைக் கைவிட்டார்கள் என்று பார்த்துவிடுவது நியாயம். மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-லும், பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-லும் அணியையே கலைத்துவிட்டன. டெல்லி டைனமோஸ் 2019-ல் புவனேஸ்வருக்குப் பெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆனது, அதே ஆண்டு புனே சிட்டி மூடப்பட்டு, அதன் இடத்துக்கு ஹைதராபாத் அணி வந்தது. ஒரே சட்டையில் ஆடி ஓய்வுபெற நினைத்த வீரருக்கும் அங்கே அணி மிஞ்சவில்லை. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு அணியுடன் பேசலாம் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியே அனுமதிக்கும்போது, அடுத்த பருவத்துக்கு வேலை தேடுகிறவரைத் துரோகியாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் குறிப்பிடும் சூசைராஜ், கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து வந்து, கோவையைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டியில் கவனம் பெற்று, 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும் மறு ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கும் போனார். அங்கே பயிற்சியாளர் ஹபாஸ், தாக்கி ஆடியே பழகிய அவரை, இடது ஓரம் முழுவதும் ஏறி இறங்கித் தடுக்கவும் வேண்டிய பொறுப்பில் நிறுத்தினார். அதையும் கற்றுக்கொண்டு ஆடினார். 2020 மார்ச்சில் அந்த அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு நவம்பரில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில், கால் மணி நேரம் ஆவதற்குள் காயம்பட்டு வெளியேறி அந்தப் பருவத்தையே இழந்தார். இதைத் தாவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஊர்க் காந்தி மைதானத்தில் பிள்ளைகள் ஆடும்போது, கோல் அடிப்பவனை விட்டுவிட்டு நடுவில் நிற்பவனைப் பாருங்கள். பந்து தன் காலுக்கு வருமுன்பே இரண்டு பக்கமும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, எதிரி எங்கே, தன் ஆள் எங்கே என்று கணக்கிட்டு, வந்த பந்தை ஒரே தொடுதலில் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான். கைதட்டல் அவனுக்கு விழாது. தொழில்முறை ஆட்டத்தில் இப்படிப்பட்டவர் தொண்ணூறு நிமிடத்தில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். பெரும்பகுதி ஓட்டம் காலில் பந்தே இல்லாமல்தான். அணி மாறும்போது, முன்கள வீரர் எந்தக் காலில் பந்தை வாங்க விரும்புவார், ஓரத் தடுப்பாட்டக்காரர் எப்போது முன்னேறுவார் என்பதையெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டும். இதை மூன்று, நான்கு அணிகளில் செய்து காட்டியவரிடம் கற்க எதுவுமில்லை என்கிறீர்களா?

பச்சைத் தேயிலைக்கு விலை கட்டுபடியாகாதபோது நம் இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்குகிறார்கள். அவர்களுக்கு மலைமீது பற்றில்லை என்று நீங்களும் நானும் சொல்வதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை ஒரு கிளப்பில் கையெழுத்திடப் போனால், பற்றைப் பற்றி அறிவுரை சொல்லாதீர்கள். ஒப்பந்தம் எத்தனை பருவத்துக்கு, காயம்பட்டால் சிகிச்சைச் செலவும் அந்தக் காலத்துச் சம்பளமும் யார் பொறுப்பு, இவை எழுத்தில் இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.