எஸ்எஸ்டியும் கூத்துக் கொப்பியும்

அன்புள்ள அண்ணன்,

கலியாண வீட்டு வீடியோ வெட்டி ஒட்டும் என் பழைய லேப்டொப் இப்போது நகரவே மறுக்கிறது. கடையில் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இரண்டு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் சேமிப்புச் சில்லு) காட்டினார்கள். ஒன்று 1 டிபி, சாட்டா, க்யூஎல்சி. மற்றது 500 ஜிபி, என்விஎம்இ, டிஎல்சி. கொடுக்கிற காசுக்கு எது பெறுமதி? இன்னொரு விஷயம். அப்பா அண்ணாவியாராக (கூத்து ஆசிரியராக) இருந்து பழக்கிய கூத்துகளின் வீடியோ எல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. அவற்றை வேறொரு எஸ்எஸ்டியில் ஏற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்கை அழித்து விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை, ஆயுளுக்கும் இருக்கும் என்கிறார்கள். மண்டூரில் இருக்கும் மாமாவும் (அப்பாவுக்கு மத்தளம் அடித்தவர்) படம் பார்க்க வேண்டும் என்று கேட்டபடி இருக்கிறார்.

க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சாட்டா, என்விஎம்இ என்பவை எஸ்எஸ்டி லேப்டொப்போடு பேசும் இரண்டு வழிகள். சாட்டா பழையது, என்விஎம்இ வேகமானது. லேப்டொப்பின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். எம்.2 துளை (எஸ்எஸ்டி அட்டையைச் செருகும் சின்னத் துளை) இல்லாவிட்டால் பேச்சே இல்லை, சாட்டாதான். துளை இருந்தாலும் பழைய லேப்டொப்புகள் சிலவற்றில் அது சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். என்விஎம்இ வாங்கிவந்து செருகினால் அது இருப்பதே லேப்டொப்புக்குத் தெரியாது.

என்விஎம்இ பெட்டியில் செக்கனுக்கு இத்தனை எம்பி என்று அச்சடித்த 3500, 7000 என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். சாட்டா செக்கனுக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு நின்றுவிடும், உண்மைதான். ஆனால் உங்கள் லேப்டொப் நகராததற்குக் காரணம் அந்த எண் இல்லை. ஹார்ட் டிஸ்கில் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன் எடுக்கும். ஊசி போய் நிற்கும் நேரத்தையும் கூட்டினால் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் பத்து மில்லிசெக்கனுக்கு மேல் காத்திருப்பு. எஸ்எஸ்டியில் அது மில்லிசெக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே எந்த எஸ்எஸ்டி போட்டாலும் மாற்றம் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போவது அதற்குப் பக்கத்திலும் வராது.

க்யூஎல்சி பற்றி ஒரு வார்த்தை. டிஎல்சி, க்யூஎல்சி என்பவை ஒரு நினைவறைக்குள் எவ்வளவு தரவை அடைக்கிறார்கள் என்பதைச் சொல்லும் பெயர்கள். க்யூஎல்சியில் கூட அடைப்பார்கள். சாம்சங் 870 க்யூவோ 1 டிபியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 42 ஜிபி வரை ஓட்டமோ ஓட்டம். அந்த இடைத்தாங்கல் (வருவதை முதலில் வேகமாக வாங்கிவைக்கும் பகுதி) நிறைந்ததும் எழுதும் வேகம் செக்கனுக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும். அதே நிறுவனத்தின் டிஎல்சியான 870 ஈவோ இப்படிச் சரிவதில்லை. கலியாண வீட்டிலிருந்து 100 ஜிபி கொண்டுவந்து கொட்டுகிற உங்களுக்கு டிஎல்சிதான் சரி, 500 ஜிபி ஆனாலும். லேப்டொப் என்விஎம்இயை ஏற்காவிட்டால் சாட்டாவிலேயே டிஎல்சி கேளுங்கள். 1 டிபி அளவில் எழுதும் ஆயுள் க்யூவோவுக்கு 360 டிபி, ஈவோவுக்கு 600 டிபி என்பதைப் போட்டு உழப்ப வேண்டாம். நாளுக்கு 50 ஜிபி எழுதினாலும் அந்த 360 டிபியே 19 வருடத்துக்கு மேல் வரும். அதற்கு முன் லேப்டொப் போய்விடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அழித்து விற்பதாம்! யார் தம்பி உங்களுக்கு இந்தப் புத்தி சொன்னது?

எஸ்எஸ்டியில் எழுதப்படுவது மின்னேற்றம். கண்ணுக்குத் தெரியாத சின்ன அறைகளில் அது அடைபட்டிருக்கிறது. டிஎல்சியில் ஒரு அறைக்குள் 8 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும், க்யூஎல்சியில் 16. கொஞ்சம் கசிந்தாலும் மட்டம் மாறிவிடும். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் கசியும், வெக்கை கூடினால் வேகமாகக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தேய்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின் இல்லாமல் 30 பாகையில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும் என்பதுதான் ஜெடெக் (சில்லுத் தொழில்துறையின் தரநிலை அமைப்பு) வைத்த தரநிலை. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் வைகாசி, ஆனி வெயிலில் நம் வீட்டு அலுமாரிக்குள் 30 பாகை தாண்டாத நாள் ஏது? அதோடு ஹார்ட் டிஸ்க் பழுதாகும்போது பெரும்பாலும் டிக் டிக் என்று சத்தம் போட்டுக் கெஞ்சும், எஸ்எஸ்டி பல தடவை ஒரு சொல் சொல்லாமல் போய்விடும். லேப்டொப்பில் தவறுதலாக அழித்ததை மீட்கவும் வழியில்லாமல் ட்ரிம் என்ற ஏற்பாடு துடைத்துவிடும்.

இதற்காக எஸ்எஸ்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. எதுவானாலும் ஒன்றே ஒன்றை நம்பாதீர்கள் என்கிறேன். பல நாளாக என் மனசில் ஊறிக்கொண்டிருப்பது இதுதான். 2004 மார்கழி 26இல், சுனாமி அன்று, எழுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) நான் அறிந்த ஓர் அண்ணாவியாரின் வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியது. அவர் உயிர் தப்பினார். தகப்பன் காலத்துக் கூத்துக் கொப்பி, கூத்துப் பாட்டெல்லாம் கையால் எழுதிய கொப்பி, போய்விட்டது. அந்த வடமோடிக் கூத்து (வடமோடி, மட்டக்களப்புக் கூத்தில் ஒரு வகை) இனி இல்லை என்றே எல்லோரும் நினைத்தோம். படுவான்கரையில் (வாவிக்கு மேற்கே) இருந்து, அவரிடம் கூத்துப் பழகிய ஒருவர், ஒரு சீஆர் கொப்பியைச் (தடித்த அட்டைக் கொப்பி) சாரத்து மடியில் வைத்துக்கொண்டு அகதி முகாமுக்கு வந்தார். பழகிய காலத்தில் இரவிரவாக இருந்து பார்த்தெழுதிய பிரதி. நீல மைப் பேனா. தரு (கூத்துப் பாட்டு) முடிகிற இடங்களில் தாளக்கட்டு சிவப்பில். ஓரிடத்தில் ஓரமாக, “இதில் அண்ணாவியார் இழுத்துப் படிப்பார்” என்று எழுதியிருந்தது. அண்ணாவியார் அந்த வரியில் விரலை வைத்து, அங்கேயே இழுத்துப் படித்தார். முகாமில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் அகப்பையோடு வந்து நின்றார்கள்.

அந்தக் கொப்பிக்கு விலை ஒரு கொப்பிக் காசு. வாவிக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதனால் மிஞ்சியது. டிபிக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்க்கிற நீங்கள், உங்கள் அப்பா களரியில் (கூத்து ஆடும் மேடையில்) நிற்கிற வீடியோவுக்கு ஒரு ஜிபி என்ன விலை என்று சொல்லுங்கள் பார்ப்போம். கோபத்தில் கேட்கிறேன், மன்னியுங்கள். தகப்பன் முகத்தை அழித்து நாலு காசுக்கு விற்கப் பார்க்கிற பிள்ளை நீங்கள் இல்லை என்பது, கடிதத்தில் அந்தக் கூத்துகளை நீங்கள் மறக்காமல் எழுதியதிலேயே தெரிகிறது.

எனவே செய்ய வேண்டியது இது. பழைய ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கட்டும். அலுமாரிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். அந்தக் காசுக்குப் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிப் பிரதி எடுங்கள், இடமும் கூடக் கிடைக்கும். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்தால் பிரதி எடுத்ததில் பயனில்லை. குருமண்வெளித் துறையில் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறினால் அக்கரை மண்டூர். ஒன்று மாமா வீட்டில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை இரண்டையும் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். முடிந்தால் மூன்றாவது பிரதியை நூலகம் நிறுவனத்திடம் (ஈழத்துத் தமிழ் ஆவணங்களின் மின்னூலகம்) கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், இப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைக்கிறவர்கள் அவர்கள்.

மாமாவிடம் டிஸ்கைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து படத்தை ஓடவிடுங்கள். எந்தக் கூத்து, எந்த ஊர்க் களரி, எந்த வருடம், கட்டியகாரனாக (கூத்தில் வரவை அறிவிப்பவனாக) வருவது யார், பிற்பாட்டுக்காரர் யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி அந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எஸ்எஸ்டியை அடுத்த மாதமும் வாங்கலாம். மண்டூருக்கு இந்த ஞாயிறே போங்கள்.