கனூவின் குறுக்குச் சட்டம்: கழுந்தா, போல்டா?

கேள்வி: போன குளிர்காலம் முழுக்க கராஜில் பதினாறடிக் கனூ ஒன்று கட்டினேன். சீடர் கீற்றுகளை ஒட்டி உள்ளும் புறமும் ஃபைபர்கிளாஸ் போட்டாயிற்று. ஆஷ் மரத்தில் விளிம்புச் சட்டங்களும் ஏறிவிட்டன. இனி நடுவில் தோளில் தூக்குவதற்கான நுகமும், முன்னும் பின்னும் ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் பொருத்த வேண்டும். ஊரில் தச்சு வேலை செய்த மாமா, "ஆணியே வேண்டாம், துளை வெட்டிக் கழுந்தை இறக்கு" என்கிறார்; அதாவது சட்டத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி விளிம்புச் சட்டத்தின் துளைக்குள் செருகுவது. கடையில் ஆயத்த நுகமும் போல்ட் பொதியும் காட்டுகிறார்கள். எதற்குக் காசு செலவழிப்பது?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: மாமா சொல்வது கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் சரி. உங்கள் கனூவுக்குச் சரிவராது. உள்விளிம்புச் சட்டத்தை ஒருமுறை அளந்து பாருங்கள், அநேகமாக முக்கால் அங்குலச் சதுரம்தான் இருக்கும். அதில் கழுந்துக்குத் துளை வெட்டினால் மேலும் கீழும் மிஞ்சுவது இரண்டு மெல்லிய தகடுகள். படகின் பக்கங்கள் விரியவும் ஒடுங்கவும் பார்க்கிற அதே இடத்தில் சட்டத்தை நாமே மெலியவைத்த மாதிரி ஆகும். துளைக்குள் போகும் தண்ணீரும் லேசில் காயாது.

அதைவிடப் பெரிய சிக்கல், கழற்ற முடியாமல் போவது. குறுக்குச் சட்டம் கனூவில் முதலில் உடைகிற உறுப்புகளில் ஒன்று. யாராவது அதில் உட்காருவார்கள், கார்க் கூரையிலிருந்து இறக்கும்போது படகு கைதவறும். போல்ட் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் புதியதை மாட்டலாம். கழுந்தை இறக்கி எபாக்ஸிப் பசையும் ஊற்றியிருந்தால் விளிம்புச் சட்டத்தையே வெட்ட வேண்டிவரும்.

மாமா விடமாட்டார், "பழைய ஆட்கள் அப்படித்தானே செய்தார்கள்" என்பார். உண்மைதான். பூர்வகுடிகளின் பிர்ச் பட்டைக் கனூக்களில் குறுக்குச் சட்டத்தின் நுனி உள்விளிம்புக்குள் இறங்கியிருக்கும். ஆனால் நுனியில் துளைகள் போட்டு, ஸ்ப்ரூஸ் மர வேரால் விளிம்போடு சேர்த்துக் கட்டியும் இருப்பார்கள். பிடிமானம் அந்தக் கட்டில் இருக்கிறது. தளர்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம். (நம் கட்டுமரத்துக்குப் பெயர் வந்ததும் கட்டிலிருந்துதானே.) பிறகு வந்த மரமும் கன்வஸும் சேர்ந்த கனூக்களைச் செய்தவர்கள் உள்விளிம்புக்கு அடியில் சட்டத்தை வைத்து போல்ட் முடுக்கினார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு பீற்றர்பரோவில் உள்ள கனேடியக் கனூ அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். 2024இல் புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. இரண்டு வகையும் அங்கே உண்டு.

சரி, போல்ட் என்று முடிவானால், மர ஸ்குரூவால் சமாளிக்கலாமா என்று அடுத்து நினைப்பீர்கள். வேண்டாம். தோளில் தூக்கும்போது கனூ கவிழ்ந்திருக்கும். நுகம் மேலே, விளிம்புச் சட்டம் அதற்குக் கீழே. ஐம்பது அறுபது இறாத்தல் படகு முழுவதும் நுகத்தின் போல்ட்களில்தான் தொங்கும். ஸ்குரூவானால் முக்கால் அங்குல மரத்தில் கடித்திருக்கும் அதன் புரியை மட்டும் நம்பி நடக்க வேண்டும். ஊடுருவிப் போகும் போல்ட், அடியில் அகலமான வாஷர், நைலோன் வளையம் உள்ள நட் – இந்த மூன்றும் போதும். போல்டின் தடிப்பில் பத்தாம் இலக்கமோ கால் அங்குலமோ எடுக்கலாம். நுகத்துக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு போல்ட் போடுங்கள். இரண்டும் மரத்தின் ஒரே இழைக்கோட்டில் விழாமல் சற்று விலக்கித் துளையிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோடு வழியே மரம் பிளக்கும். உள்விளிம்பில் தண்ணீர் வடிய இடைவெளி விட்டிருந்தால், சட்டம் இடைவெளியில் அல்ல, கட்டை உள்ள இடத்தில் வரட்டும். நட்டுக்கு வெளியே நீட்டும் போல்டை அறுத்து அராவி விடுங்கள். முழங்காலில் இருந்து துடுப்புப் போடுகிறவரின் தொடை அங்கேதான் உரசும்.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சட்டம் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குப் படகை இழுத்துப் பொருத்தாதீர்கள். படகின் வடிவமே மாறிவிடும். வரைபடத்தில் அந்த இடத்துக்கு உள்ள அகலத்துக்குத் தற்காலிகமாக ஒரு தடியை வைத்து விளிம்புகளை நிறுத்துங்கள். பிறகு சட்டத்தை அடியில் பிடித்துக் குறியிடுங்கள். பக்கச்சுவர் சாய்ந்திருப்பதால் முனையையும் அதே சாய்வில் அறுக்க வேண்டும். அது ஃபைபர்கிளாஸை முட்டக் கூடாது, ஒரு நாணயத்தின் கனத்துக்காவது இடைவெளி வேண்டும். அறுத்த முனைக்கும் துளைகளுக்குள்ளும் வார்னிஷ் கட்டாயம். தண்ணீரை உறிஞ்சுவது அந்த முனைகள்தான்.

இனிக் கடை விஷயம். குறுக்குச் சட்டங்களை நீங்களே செய்யுங்கள், அது பலகையை அறுத்து விளிம்பை உருட்டும் வேலை மட்டுமே. நுகத்தை வாங்கலாம், தோளுக்குப் பள்ளம் செதுக்கப் பொறுமை வேண்டும். வாங்கும்போது நீளம் உங்கள் படகின் நடு அகலத்தைவிடக் கூடுதலா என்று பாருங்கள். பக்கவாட்டில் இழைகள் முனையிலிருந்து முனைக்கு நேராக ஓட வேண்டும். பாதியில் சரிந்து விளிம்பில் முடிந்தால் அது எவ்வளவு பளபளத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். இருக்கைகளைப் பூட்டி முடித்த பிறகே நுகத்துக்கு இடம் பாருங்கள், அதற்கு முன் சமநிலைப் புள்ளி தெரியாது. நடக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் கனத்தால் நல்லது, முன்னால் பாதை தெரியும்.

கேள்வி: ஆஷ் பலகை கிடைக்கவில்லை. பக்கத்துப் பெருங்கடையில் சிவப்பு ஓக் இருக்கிறது. பாவிக்கலாமா?
– மார்க்கம் வாசகி

பதில்: பலம் போதும், தண்ணீர்தான் தொல்லை. சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தே இருக்கும். ஒரு சிறு துண்டின் முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதுங்கள், குமிழி வரும். வெள்ளை ஓக்கில் அந்தக் குழாய்கள் அடைபட்டிருப்பதால் அது வேறு கதை. செரி, மேப்பிள் இரண்டும் இதற்கு நல்லவை.

ஆஷ் முற்றாக இல்லாமல் போகவில்லை. மரகதப் பச்சை வண்டு ஒன்று 2002இல் டிட்ரொயிட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து ஆஷ் மரங்களை அழித்துவருகிறது. ஆனாலும் கடின மரம் மட்டும் விற்கும் மரக்காலைகளில் கேட்டுப் பாருங்கள். ஆஷ் என்று சொல்லி ஓக்கைத் தந்தால் கண்டுபிடிப்பது சுலபம்: ஓக்கின் முகத்தில் சிறு சிறு கருங்கோடுகள் தெரியும், ஆஷில் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ரசீதில் மரத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டப்படி சொன்ன பொருளும் தந்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் எழுதிய ரசீது கையில் இருந்தால் வாதாட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

கேள்வி: பித்தளை போல்ட் அழகாக இருக்கிறதே, அதையே போடட்டுமா?
– பிரம்ரன் வாசகர்

பதில்: நானும் அந்த அழகில் மயங்கியவன்தான். பித்தளை நிறத்தில் இருந்ததை ஒரு கடையில் அள்ளிக்கொண்டு வந்து பூட்டினேன். இரண்டாம் கோடையில் வார்னிஷுக்கு அடியில் செம்மண் நிறத்தில் ஒழுக்கு, ஒவ்வொரு போல்டிலிருந்தும் ஒரு விரல் நீளத்துக்கு. இரும்புக்குமேல் பித்தளை முலாம்! அதிலிருந்து கடைக்குப் போனால் சாவிக்கொத்தில் ஒரு சிறு காந்தம் இருக்கும். பித்தளை என்று சொல்வதைக் காந்தம் இழுத்தால் திரும்பப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

ஏரிக்கு மட்டும் என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் போதும். கடலில் இறக்குவதானால் சிலிக்கன் வெண்கலத்துக்குக் கூடுதலாகக் கொடுங்கள். சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகத்தை உப்புநீர் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முடுக்கினால் பாதியில் இறுகி அசையவே அசையாது. முடுக்குமுன் புரியில் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள்.