வெள்ளிக்கிழமை அரைநாளில் மட்டக்களப்புக் கடைத்தெரு

வெள்ளி காலை ரயிலில் வந்து, அம்மாவுக்குக் கைத்தறிச் சாரியும் தயிர்ச்சட்டியும் வாங்கிப் பின்னேரம் திரும்பலாமா என்று கேட்டிருந்தீங்க. நாள்தான் இடிக்குது. காத்தான்குடிப் பிரதான வீதி, நடுவில பேரீச்ச மரங்களோட, பார்க்கவே வடிவு. ஆனா ஜும்ஆ, அதாவது வெள்ளி மத்தியானத் தொழுகை நேரம் கடைகள் பூட்டிருவாங்க. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையும் அப்படித்தான்.

அதனால முதல்ல கல்முனை பஸ் ஏறி மருதமுனையில இறங்குங்க, பன்னிரண்டுக்கு முன்னம் சாரியை முடிச்சிருங்க. சாரிக் கரையின்ர ஓரத்தை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்க. ஊசி குத்தின மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டை வரிசையா இருந்தா பெரும்பாலும் கைத்தறிதான். திரும்பி மட்டக்களப்பு டவுனுக்கு வந்து, புளியந்தீவில, காந்தி பூங்காவைச் சுத்தி ஆறுதலா நடக்கலாம்.

தயிர்ச்சட்டி கடைசியாத்தான். ஒருக்கா நான் அவசரப்பட்டு முதல்லயே வாங்கி, கல்லடிப் பாலம் தாண்டுறதுக்குள்ள மடியெல்லாம் தயிர்.