"பால் கட்டியிருக்கும்டி" என்று சொல்லிவிட்டேனே!

கேள்வி: ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை நானும் என் தோழியும் ஒரே பெஞ்ச். பென்சில் டப்பாவில் புளி உருண்டை கொண்டுவருவாள். கணக்கு பீரியடில் ஒளித்துத் தின்போம். கைக்குழந்தைக்காரியாக இருந்தபோது, மார்பில் கட்டி இருக்கிறது என்று போனில் சொன்னாள். "பால் கட்டியிருக்கும்டி, வெந்நீர் ஒத்தடம் கொடு" என்றேன். நாலு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனாள். மார்பகப் புற்றுநோய் என்றார்கள். அப்போது அவளுக்கு 32 வயது, 34-இல் போய்விட்டாள். மூன்று வருடமாகிறது. அவள் அம்மா பேத்தியோடு பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். எதிரே வந்தால் சந்தில் திரும்பிவிடுகிறேன். அவள் நம்பரை அழிக்கவும் மனம் வரவில்லை.
- வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பால் கொடுக்கிறவள் கட்டி என்று சொன்னால் நம் வீடுகளில் யாரும் ஒத்தடம்தான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனாலேயே சில சமயம் டாக்டர்கள்கூட ஏமாந்துபோகிறார்கள். இரண்டு வாரத்தில் கரையாத கட்டியை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும், பால் கொடுக்கும்போதும் பயமில்லாமல் எடுக்கலாம் என்பது அன்று உங்களுக்குத் தெரியாது. இனி அக்கம்பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியே தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வலிதான் 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையானது. நான் உங்களைப் பக்கத்துத் தெரு வரைக்கும்தான் போகச் சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு மகளின் கடைசி இரண்டு வருடம் மனப்பாடமாக இருக்கும். எத்தனையாவது கீமோவில் முடி கொட்டியது, என்றைக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை, என்றைக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கியது, எல்லாம். கணக்கு பீரியடில் மகள் என்ன செய்தாள் என்பது மட்டும் தெரியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது. உங்களைப் பார்த்ததும் அழுவார், அழட்டும். நீங்களும் அழுங்கள். அவள் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்த வீட்டில் அவள் பெயரை இப்போது யார் சொல்கிறார்கள்? ஒத்தடப் பேச்சை முதல் நாளே எடுக்க வேண்டாம். பெற்றவளும் அதையே சொல்லியிருக்கலாம், அதை நினைத்தே தூங்காமல் கிடக்கலாம்.

இன்னொன்று. மகளின் பழைய பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு 32 வயதில் வந்திருப்பதால், பேத்தி இருபதுகளின் தொடக்கத்திலேயே டாக்டரிடம் காட்டி, மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். அதற்குள் பாட்டிக்குத் தள்ளாமை வந்துவிடும். அப்போது நினைவுபடுத்த ஆள் வேண்டும், நீங்கள் இருங்கள்.

நம்பர் போனிலேயே இருக்கட்டும்.

அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பில் இருப்பாள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகும்போது கொஞ்சம் புளி, உப்பு, மிளகாய்த்தூள், இரண்டு ஈர்க்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அம்மா உருட்டிய மாதிரியே ஒன்று உருட்டி, குச்சியில் செருகி, அவள் கையில் கொடுங்கள்.