நீ எனக்கு, நான் உனக்கு: லிங்க் பரிமாற்றம் பற்றிய கேள்விகள்

நண்பரின் தளத்துக்கு நானும் என் தளத்துக்கு அவரும் லிங்க் கொடுத்திருக்கிறோம். கூகுள் தண்டிக்குமா?

தண்டிக்காது, பயப்படாதீர்கள். நீங்கள் பறவைகளைப் படமெடுப்பது பற்றி எழுதுகிறீர்கள், அவர் லென்ஸ் பராமரிப்பு பற்றி எழுதுகிறார் என்றால் இருவரும் ஒருவரையொருவர் சுட்டுவது இயல்புதான். கூகுளின் ஸ்பேம் கொள்கை குறை சொல்வது "அளவுக்கு மீறிய" பரிமாற்றத்தையும், லிங்க் மாற்றிக்கொள்வதற்காகவே தொடங்கப்பட்ட பக்கங்களையும்தான். தேடுபொறி என்று ஒன்று இல்லாவிட்டாலும் அந்த லிங்கைக் கொடுத்திருப்பீர்களா? ஆம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

முன்பெல்லாம் தேடல் முடிவில் மேலே வர இந்தப் பரிமாற்றம் நன்றாக வேலை செய்ததாகச் சொல்கிறார்களே?

செய்தது. கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் வெளியிட்ட, பக்கங்களுக்கு மதிப்புப் போடும் பேஜ்ரேங்க் முறையில் ஒவ்வொரு லிங்கும் ஒரு வாக்கு மாதிரி. அதிலும் எல்லா வாக்குக்கும் ஒரே எடை கிடையாது. நிறைய வாக்கு வாங்கிய பக்கம் போடும் வாக்குக்கு மதிப்பு அதிகம். அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை லிங்க் வெளியே போகிறதோ அத்தனை பங்காக அந்த மதிப்பு பிரியும். வாக்குக்கு விலை உண்டு என்று தெரிந்தவுடன் சந்தையும் உருவாகிவிட்டது. "எங்கள் நட்புத் தளங்கள்" என்ற தலைப்போடு தளத்துக்குத் தளம் ஒரு பக்கம் முளைத்தது. அப்படி ஒரு பக்கத்தைச் சரிசெய்து தரச் சொல்லி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடையது கேமரா பழுது பார்க்கும் தளம். அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்க இழுக்க கடன், எடை குறைக்கும் மாத்திரை, சூதாட்டம் என்று வந்துகொண்டே இருந்தது. கேமரா பற்றி ஒரு லிங்க்கூட இல்லை. அங்கே வரும் வாசகருக்கு அதனால் என்ன பயன்?

2012 ஏப்ரலில் போலி லிங்குகளைக் குறிவைத்து கூகுள் பென்குயின் என்ற அப்டேட்டைக் கொண்டுவந்தபோது இப்படிப்பட்ட தளங்கள் சரிந்தன. 2016 செப்டம்பரில் பென்குயின் கூகுளின் மைய அல்காரிதத்திலேயே சேர்ந்துவிட்டது. அதிலிருந்து, போலி லிங்க் வைத்திருக்கும் தளத்தைக் கீழே தள்ளுவதைவிட அந்த லிங்கை மதிக்காமல் விடுவதுதான் அதிகம். அதனால் இன்று பரிமாற்றத்துக்குச் செலவிடும் நேரத்துக்குப் பெரும்பாலும் எந்தப் பலனும் இருக்காது.

நேரடியாக மாற்றிக்கொள்ளாமல், நான் இரண்டாமவருக்கு, அவர் மூன்றாமவருக்கு, மூன்றாமவர் எனக்கு என்று கொடுத்தால் கண்டுபிடிக்க முடியாதாமே?

இந்த முக்கோண வித்தை ரொம்பப் பழையது. இணையம் முழுவதையும் யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்ற வலையாக வைத்து ஆராய்வதுதான் தேடுபொறியின் அடிப்படை வேலையே. அதற்கு மூன்று புள்ளிகளுக்கு இடையே ஓடும் வட்டம் தெரியாமல் போகுமா? பத்துத் தளங்களை வளையமாகக் கோத்தாலும் இதே கதைதான்.

"உங்கள் அருமையான கட்டுரையைப் படித்தோம், டொமைன் அத்தாரிட்டி 50 உள்ள தளத்திலிருந்து லிங்க் தருகிறோம்" என்று மெயில் வருகிறது. ஏற்கலாமா?

எந்தக் கட்டுரை என்று அந்த மெயிலில் இருக்கிறதா, பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் (Moz) என்ற தனியார் நிறுவனம் தளங்களுக்கு 100-க்குப் போடும் மதிப்பெண். கூகுள் அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை. அந்தத் தளத்தைத் திறந்து நாலு கட்டுரை படியுங்கள். உங்கள் வாசகரை அங்கே அனுப்ப மனசு வரவில்லை என்றால் மெயிலை அழித்துவிடுங்கள்.

நோஃபாலோ போட்டுவிட்டால் பரிமாற்றம் பாதுகாப்பானதுதானே?

ஆமாம். நோஃபாலோ என்பது "இந்த லிங்கை வாக்காக எண்ணாதே" என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு. ஆனால் தரவரிசைக்காகத்தான் பரிமாற்றம் என்றால் அதற்கப்புறம் அதில் என்ன மிச்சம்? நோஃபாலோ 2005-இல் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு தரும் லிங்குக்கென்று ஸ்பான்சர்ட் குறியீடு 2019-இல் வந்தது. விளம்பரமாக லிங்க் கொடுத்தால் இதைப் போடுங்கள்.

ஆர்வக் கோளாறில் நிறையத் தளங்களோடு மாற்றிக்கொண்டேன். இப்போது தரவரிசை இறங்கிவிட்டது. டிஸவோ (இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது) செய்துவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். முதலில் தளம் நடத்துவோருக்கு கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன் (கூகுள் ஊழியர் பார்த்து விதிக்கும் தண்டனை) பகுதியைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் இறக்கத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம்: கட்டுரை பழசாகியிருக்கும், போட்டியாளர் நன்றாக எழுதியிருப்பார், தளத்தை மாற்றியமைத்தபோது பக்கங்கள் உடைந்திருக்கும். அதுவரை கணக்கில் வந்த போலி லிங்குகளை கூகுள் இப்போது கழித்துவிட்டிருக்கவும் கூடும். அப்படியென்றால் போனது போனதுதான், டிஸவோ செய்தாலும் திரும்பாது.

மேனுவல் ஆக்ஷன் இருந்தால் கதை வேறு. உங்கள் பக்கத்திலிருந்து போகும் பரிமாற்ற லிங்குகளை நீக்குங்கள். எதிர்த்தரப்புக்கு எழுதி உங்கள் லிங்கை எடுக்கச் சொல்லுங்கள். பதிலே வராதவற்றை மட்டும் டிஸவோ கோப்பில் போடுங்கள். நடந்ததை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். டிஸவோவில் கைதவறி நல்ல லிங்கைச் சேர்த்துவிட்டால் நீங்களே உங்கள் கிளையை வெட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் கோப்பை ஏற்றுமுன் வரிவரியாகப் படியுங்கள்.

அப்படியென்றால் லிங்க் கேட்கவே கூடாதா?

தாராளமாகக் கேளுங்கள். ஒருவரின் கட்டுரையில் உடைந்துபோன லிங்க் ஒன்றைப் பார்க்கிறீர்கள், அதே விஷயம் உங்களிடம் நன்றாக இருக்கிறது. இரண்டு வரி எழுதிச் சொல்லுங்கள். பதிலுக்கு எதையும் தருவதாகச் சொல்ல வேண்டாம்.